ஃபின்னகன்ஸ் வேக் நாவலைக் குழுவாகப் படிப்பது எப்படி?

கேள்வி இது: ஆறு நண்பர்கள். ஆறு பேரும் ஆங்கில நாவல்கள் தாராளமாகப் படிப்பவர்கள். ஆளுக்கொரு தடவை ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’கைக் கையில் எடுத்து, 20 பக்கம் தாண்டுவதற்குள் கீழே வைத்துவிட்டவர்கள். வாரம் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்தால் படித்துவிட முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்? எந்தப் பதிப்பு, எந்தத் துணை நூல், எங்கிருந்து தொடங்குவது?

முடியும். சொல்லப்போனால் இந்த நாவல் தனியாகப் படிப்பதைவிடக் குழுவாகப் படிக்கத்தான் அதிகம் இடம் கொடுக்கிறது. பல மொழிச் சொற்களை ஒன்றுக்குள் ஒன்றாக முறுக்கிச் சிலேடையாகவே எழுதிய நாவல் இது. ஒருவர் காதில் விழாதது இன்னொருவர் காதில் விழும், அவ்வளவுதான் காரணம். ஆனால் குழுக்கள் உடைவதும் நிறைய. பெரும்பாலும் அவற்றை உடைப்பது நாவலின் கடினம் அல்ல. விளக்கக் குறிப்புகளை எந்த நேரத்தில் திறக்கிறோம் என்பதுதான். கீழே சொல்வதில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

முதலில் கணக்கு. நாவல் 1939 மே 4 அன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியானது. ஜாய்ஸ் அதை 1923இல் தொடங்கினார். ஏறக்குறைய 16, 17 ஆண்டு வேலை. உரை 3ஆம் பக்கத்தில் தொடங்கி 628இல் முடிகிறது. நான்கு பகுதிகள், மொத்தம் 17 அத்தியாயங்கள்: முதல் பகுதியில் எட்டு, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நான்கு நான்கு, கடைசிப் பகுதியில் ஒன்றே ஒன்று. பகுதிகளுக்கு இடையே உள்ள வெற்றுப் பக்கங்களைக் கழித்தால் 619 பக்கம் தேறும். வாரம் ஒரு பக்கம், விடுமுறை, பண்டிகை எல்லாம் போக ஆண்டுக்கு 46 கூட்டம் என்று வைத்தால் பதின்மூன்றரை ஆண்டு.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூரிச்சில் உள்ள ஜேம்ஸ் ஜாய்ஸ் அறக்கட்டளையில், ஃப்ரிட்ஸ் சென் வழிநடத்தி வந்த வாராந்தர வாசிப்புக் குழு முதல் சுற்றை முடிக்க 11 ஆண்டு எடுத்துக்கொண்டது. அதாவது வாரத்துக்கு ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் வெனிஸ் நகரில் 1995இல் தொடங்கிய குழு மாதம் இரண்டு பக்கம், பிறகு ஒரு பக்கம் என்று போய், 2023 அக்டோபரில் கடைசிப் பக்கத்தை அடைந்தது. 28 ஆண்டு, ஜாய்ஸ் எழுத எடுத்ததைவிட அதிகம். அவர்களும் அடுத்த மாதமே 3ஆம் பக்கத்துக்குத் திரும்பினார்கள். ஆகவே ‘முடிப்பது’ என்ற இலக்கை ஆரம்பத்திலேயே மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரம் பத்துப் பக்கம் என்று அட்டவணை போடும் குழுக்கள் இரண்டாவது மாதத்தில் கலைகின்றன. பத்துப் பக்கத்தை வீட்டில் படித்துக்கொண்டு வர யாராலும் முடியாது. படிக்காமல் வருவதற்குக் கூச்சம். கூச்சத்தில் வராமலே போய்விடுவார்கள். இந்த நாவலுக்கு வீட்டுப்பாடம் வைக்கக் கூடாது. எல்லா வேலையும் கூட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும்.

பதிப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். ஃபேபர், வைகிங், பென்குயின் என்று எந்தப் பதிப்பகத்தின் வழக்கமான பதிப்பை எடுத்தாலும் பக்க எண்ணும் வரியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்; முழுப் பக்கத்துக்கு 36 வரி. உலகம் முழுக்க இந்த நாவலைப் பக்கம், புள்ளி, வரி என்றுதான் சுட்டுவார்கள்: 003.15 என்றால் 3ஆம் பக்கம் 15ஆம் வரி. துணை நூல்கள் அத்தனையும் இந்த எண்ணை நம்பியே நிற்கின்றன. 2010இல் டேனிஸ் ரோஸும் ஜான் ஓ’ஹான்லனும் ஆயிரக்கணக்கான திருத்தங்களோடு கொண்டுவந்த ‘மீட்கப்பட்ட’ பதிப்பு ஒன்று இருக்கிறது. 2012இல் அது பென்குயின் வெளியீடாகவும் வந்தது. அதில் பக்க எண் வேறு. அது தனியாக ஆராய வேண்டிய பதிப்பு. ஆறு பேரில் ஒருவர் அதை வாங்கிவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணி நேரம் “எந்தப் பக்கம், எந்த வரி” என்பதிலேயே போகும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வெறும் உரைக் கோப்புகளிலும் வரி உடைப்பு காணாமல் போயிருக்கும். இரண்டாம் பகுதியின் இரண்டாவது அத்தியாயம், அதாவது 260 முதல் 308 வரை, இரு ஓரங்களிலும் அடியிலும் குறிப்புகள் அச்சிடப்பட்ட பாடப்புத்தக வடிவில் இருக்கிறது. இடது ஓரம் ஒரு பையன், வலது ஓரம் இன்னொரு பையன், அடிக்குறிப்பு அவர்களுடைய தங்கை. பாதியில் பையன்கள் இருவரும் பக்கம் மாறிக்கொள்வார்கள். உரைக் கோப்பில் இதெல்லாம் ஒரே கஞ்சியாகிவிடும். அச்சுப் புத்தகமே வாங்குங்கள்.

துணை நூல்களில் கட்டாயம் வேண்டியது ஒன்றுதான்: ரோலண்ட் மக்ஹியூவின் ‘அனொடேஷன்ஸ் டு ஃபின்னகன்ஸ் வேக்’. முதலில் 1980இல் வந்தது. நான்காம் பதிப்பு 2016. நாவலின் ஒரு பக்கத்துக்கு அதில் ஒரு பக்கம். எந்த வரிக்கான குறிப்போ அந்த வரியின் உயரத்திலேயே அச்சாகியிருக்கும். நாவலை இடப்பக்கமும் அதை வலப்பக்கமும் வைத்தால் கண் நேராகப் போகும். குழுவுக்கு ஒரே ஒரு பிரதி போதும். ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்றே சொல்வேன், காரணம் பின்னால். இணையத்தில் ‘ஃப்வீட்’ என்ற தேடுதளம் இலவசம். பல்லாயிரம் குறிப்புகள் வரிவாரியாக அதில் இருக்கின்றன. ஒரு சொல் அல்லது கருப்பொருள் நாவலில் வேறெங்கே வருகிறது என்று தேட இதைவிட நல்லது இல்லை. ஜோசஃப் கேம்ப்பெல்லும் ஹென்றி மார்ட்டன் ராபின்சனும் 1944இல் எழுதிய ‘எ ஸ்கெலிடன் கீ’யைப் பலரும் முதலில் கையில் கொடுப்பார்கள். கதைப்போக்கின் வரைபடமாக அத்தியாயம் தொடங்கும் முன் அதில் இரண்டு பக்கம் பார்க்கலாம். ஆனால் அது வரிகளைச் சுருக்கி நேரான உரைநடையாக்கித் தருகிறது. அதைப் படித்தவர்கள் நாவலை அந்தச் சுருக்கத்தின் கடினமான பிரதியாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு அந்தப் பார்வையைக் கழற்றுவது கஷ்டம்.

கதை என்று ஒன்று உண்டா? குழு தொடங்கும்போது எல்லோருக்கும் இந்த அளவு தெரிந்தால் போதும். டப்ளினுக்கு மேற்கே சேப்பலிசாட் என்ற இடத்தில் ஒரு மதுக்கடை. கடைக்காரர் எச்.சி.இ., அதாவது ஹம்ஃப்ரி சிம்ப்டன் இயர்விக்கர்; மனைவி ஏ.எல்.பி., அதாவது அன்னா லிவியா ப்ளூரபெல், லிஃபி நதியும் அவள்தான், மகன்கள் ஷெம், ஷான், மகள் இஸி. பக்கத்திலுள்ள ஃபீனிக்ஸ் பூங்காவில் கடைக்காரர் ஏதோ தகாத காரியம் செய்ததாக ஒரு வதந்தி. அது வாய்க்கு வாய் உருமாறி ஊரெல்லாம் பரவுகிறது. எல்லாம் ஓர் இரவில், தூக்கத்தின் மொழியில். ‘ஃபின்னகனின் வேக்’ என்ற ஐரிஷ் பாட்டை முதல் கூட்டத்துக்கு முன் எல்லோரும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: ஏணியிலிருந்து விழுந்து செத்த சித்தாள் டிம், இழவு வீட்டில் விஸ்கி மேலே தெளித்ததும் எழுந்து உட்காருகிறான். விழுதல், எழுதல், மறுபடி விழுதல் என்ற சுழற்சி நாவல் முழுக்க இதுதான். டப்ளினின் ஒரு வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்; லிஃபி, ஃபீனிக்ஸ் பூங்கா, ஹோத் முனை மூன்றும் அதில் தெரிய வேண்டும். ஐரிஷ் அரசியல் தலைவர் பார்னெல் யார், 1882இல் ஃபீனிக்ஸ் பூங்காவில் நடந்த கொலைகள் என்ன, பார்னெல் பெயரில் போலிக் கடிதம் எழுதிய பிகட் 1889இல் ‘ஹெஸிடென்ஸி’ என்ற சொல்லின் எழுத்துப்பிழையால் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதையும் ஒருவர் பத்து நிமிடம் சொல்லட்டும். அந்தப் பிழையான சொல் நாவலில் அடிக்கடி தலைகாட்டும். தெரிந்தவர்களுக்கு அந்த இடத்திலெல்லாம் குற்றவாளி தடுமாறுவது கேட்கும்.

நாவலில் ஆபாசமும் முறைதவறிய இச்சைகளும் இன வசவுகளும் சிலேடைகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. வருபவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் ஒருவர் நெளிவதும், மற்றவர்கள் அந்த வரியைப் பேசாமல் தாண்டிப் போவதும் குழுவைக் கெடுக்கும்.

இனி எங்கே தொடங்குவது. 3ஆம் பக்கத்தில் அல்ல. முதல் அத்தியாயம் நாவலின் எல்லாக் கருப்பொருளையும் ஒரே மூச்சில் கொட்டுவதால் மிகவும் அடர்த்தியானது. தனியாகப் படித்த உங்கள் ஆறு பேரும் நின்ற இடமே அதற்குச் சாட்சி. 196 முதல் 216 வரை உள்ள அன்னா லிவியா அத்தியாயத்தில் தொடங்குங்கள். 21 பக்கம்தான். லிஃபியின் இரு கரையிலும் நின்று துணி துவைக்கும் இரண்டு பெண்கள், ஊரார் அழுக்குத் துணியை அலசிக்கொண்டே அன்னாவின் கதையை வம்பளக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்கள் அவர்கள் பேச்சுக்குள் கரைந்திருக்கின்றன. பொழுது சாயச் சாய ஆறு அகலமாகி ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காமல் போகிறது. கடைசியில் ஒருத்தி மரம், ஒருத்தி கல். படித்துறை வம்பு நமக்குப் புதிதல்ல என்பதால் தொனி உடனே பிடிபடும்.

இந்த அத்தியாயத்தில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. இரண்டு பெண்கள் பேசினாலும் யார் எங்கே பேசுகிறார்கள் என்று காட்ட மேற்கோள் குறியோ பத்திப் பிரிவோ கிடையாது. குழுவை மூன்று மூன்று பேராக எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு பக்கத்தார் கேட்பவள், மறுபக்கத்தார் சொல்பவள் என்று வைத்து வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இது யாருடைய பேச்சு?’ என்று முடிவெடுத்தாக வேண்டும். கேள்விக்குறி, ‘சொல்லு சொல்லு’ என்ற அவசரம், சலிப்பு, அதட்டல் எல்லாம் அடையாளங்கள். சில இடங்களில் முடிவெடுக்கவே முடியாது; அவற்றைக் குறித்துக்கொண்டு நகருங்கள். சொற்பொருள் பாதிகூடத் தெரியாமலே ஒரு பக்கத்தின் நாடகம் முழுசாக வெளியே வருவதை இந்தப் பயிற்சி காட்டிவிடும். பயம் விலகுவது இங்கேதான். இந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை, 213 முதல் 216 வரை, ஜாய்ஸ் 1929இல் தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்திருக்கிறார். எட்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் கூட்டத்திலேயே போட்டுக் கேளுங்கள்.

அதன்பின் வரிசை: 30 முதல் 47 வரை, வதந்தி பிறந்து நாட்டுப்பாட்டாக முடியும் அத்தியாயம், 169 முதல் 195 வரை, ஷெம் என்ற எழுத்தாளனைத் திட்டித் தீர்க்கும் அத்தியாயம், நாவலிலேயே அதிகம் சிரிக்க வைப்பது, அப்புறம்தான் முதல் அத்தியாயம், 3 முதல் 29. பிறகு இரண்டு நீதிக்கதைகள்: மூக்ஸும் க்ரைப்ஸும், 152 முதல் 159, எறும்பும் வெட்டுக்கிளியும் உருமாறி வரும் கதை, 414 முதல் 419. கடைசியாக அன்னாவின் கடிதமும் இறுதி மொழியும், 615 முதல் 628. மொத்தம் 121 பக்கம். வாரம் ஒன்றானால் இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல். அதன் பிறகு முழு நாவலையும் வரிசையாகப் படிப்பதா வேண்டாமா என்று குழு தீர்மானிக்கட்டும். அப்போது எடுக்கும் முடிவுதான் நிலைக்கும்.

ஒரு கூட்டம் இரண்டு மணி நேரம், ஒரு பக்கம். முதல் பத்து நிமிடம் பதிவாளர் போன வாரக் குறிப்பைப் படிப்பார். அடுத்து ஒருவர் முழுப் பக்கத்தையும் நிறுத்தாமல் உரக்க வாசிப்பார். மூன்று நிமிடம்தான் ஆகும். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குப் பிழையாகத் தெரியும் சொல் காதுக்குத் தெரிந்த சொல்லாக வரும். பிறகு புத்தகத்தைத் திறந்து ஆளுக்கு ஆறு வரி என்று சுற்றி வந்து மெதுவாக ஒரு வாசிப்பு. 36 வரிக்கு ஆறு பேர் கச்சிதமாகப் பொருந்தும். உச்சரிப்பில் தயங்கினால் எழுத்தெழுத்தாகச் சொல்லட்டும். ஒருவர் திக்கித் திக்கிப் படிக்கும்போது சொல்லின் உள்ளே இருக்கும் சொல் வெளியே விழும். அதன்பின் ஏழு நிமிடம் மௌனம். பென்சிலால் தெரிந்தவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். தெரியாதவற்றைக் குறித்தால் பக்கமே கறுத்துவிடும்.

அடுத்த 55 நிமிடம் பேச்சு, நான்கு நான்கு வரியாக. இங்கே முதல் கேள்வி “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்” என்பதாக இருக்கக் கூடாது. “இந்த வாக்கியத்தின் வினை எது?” என்று கேளுங்கள். ஜாய்ஸ் சொற்களை எவ்வளவு முறுக்கினாலும் ஆங்கில வாக்கிய அமைப்பைப் பெரும்பாலும் உடைப்பதில்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். நாவலின் முதல் வாக்கியத்தையே பாருங்கள். சிறிய எழுத்தில் ‘ரிவர்ரன்’ என்று தொடங்குகிறது. ஈவ், ஆடம் பெயர்களைத் தாண்டி, கரையின் வளைவு, விரிகுடாவின் மடிப்பு எல்லாம் கடந்து போனால் ‘ப்ரிங்ஸ் அஸ்’ என்ற வினை நிற்கிறது: கொண்டுவருகிறது. எங்கே? ஹோத் கோட்டைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும், திரும்பவும். ஆற்றோட்டம் நம்மைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது, இவ்வளவுதான் எலும்புக்கூடு. இது கிடைத்த பிறகே சதையைத் தொட வேண்டும். ஆடம் அண்ட் ஈவ்ஸ் என்பது லிஃபிக் கரையிலுள்ள தேவாலயத்தின் வழக்குப் பெயர். இங்கே முன்பின்னாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. ‘கமோடியஸ் வைகஸ்’ என்ற இடத்தில் ரோமப் பேரரசன் கொமோடஸ், லத்தீனில் தெருவைக் குறிக்கும் சொல், சரித்திரம் சுழல்கிறது என்று சொன்ன இத்தாலியச் சிந்தனையாளர் வீகோ, டப்ளினுக்குத் தெற்கே டால்கியில் உள்ள வீகோ சாலை எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. ஹோத் கோட்டையும் சுற்றுப்புறமும் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் எச்.சி.இ. வினையைப் பிடிக்காமல் வீகோவிலிருந்து தொடங்கும் குழு ஒரு மணி நேரம் வரலாறு பேசிவிட்டு வாக்கியத்தைப் படிக்காமலே எழுந்து போகும்.

சிலேடை நமக்குப் பழக்கம்தான். காளமேகம் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் வைப்பார். இரண்டு பொருளும் தனித்தனியாக முழுதாக நிற்கும். ஜாய்ஸிடம் அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அவரிடம் ஒரு பொருள் வாக்கியம் முழுக்க ஓடும். மற்றவை இரண்டு சொல், மூன்று சொல் ஓடி நின்றுவிடும், அல்லது பத்துப் பக்கம் தள்ளித் தலைதூக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்தின் கடைசி வரை இழுக்க முயலாதீர்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எதை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரம். இது வந்துவிட்டால் கூட்டம் நான்கு வாரத்தில் சலித்துவிடும். ஒருவர் ஒரு பொருளைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எழுத்துகளில் அது இருக்கிறது, விரல் வைத்துக் காட்ட முடியுமா? வாக்கியத்தில் இந்த இடத்துக்கு அது பொருந்துகிறதா? நாவலில் வேறெங்காவது திரும்ப வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உறுதி. இரண்டுக்கு என்றால் சாத்தியம். ஒன்றுக்கு மட்டும் என்றால் குழுவின் பதிவேட்டில் ‘கேட்டது’ என்ற பத்தியில் எழுதிவைத்துவிட்டு நகர வேண்டும்.

3ஆம் பக்கத்தின் 15ஆம் வரியில் வரும் 100 எழுத்துச் சொல்லில் இதைச் செய்து பாருங்கள். ‘தி ஃபால்’ என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் ஒரே மூச்சாக அந்தச் சொல் வருகிறது. பபபதல் என்று தொடங்கி, நடுவே தகமினார், ப்ரொன், தொனெர், துவொன், த்ரொவார் என்றெல்லாம் உருண்டு போகும். ஜப்பானிய ‘கமினாரி’, கிரேக்க ‘ப்ரொன்டே’, பிரெஞ்சு ‘தொனேர்’, இத்தாலிய ‘துவோனோ’, போர்த்துகீசிய ‘த்ரொவாவ்’: எல்லாமே இடி. இவை எழுத்திலும் உண்டு, விழுதல் என்ற இடத்துக்கும் பொருந்துகின்றன. இப்படிப்பட்ட இடிச்சொற்கள் நாவலில் மொத்தம் பத்து. 3, 23, 44, 90, 113, 257, 314, 332, 414, 424 ஆகிய பக்கங்களில். ஒன்பதுக்கு 100 எழுத்து, கடைசிக்கு 101, ஆகக்கூடி 1001. மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சரி, குழுவில் இந்தி தெரிந்தவர் இருந்தால் தொடக்கத்தில் மேகம் என்ற பொருளில் ‘பாதல்’ கேட்கிறது என்பார். எழுத்து இருக்கிறது, இடியோடு பொருத்தமும் இருக்கிறது, ஆகவே சாத்தியம். பாபேல் கோபுரம் கேட்கிறது என்று இன்னொருவர் சொல்வார். கட்டடம் கட்டுகிறவன் விழும் கதை அடுத்த பக்கங்களில் வருவதால் அதன் கை ஓங்கும். இந்த அளவுக்கு நிதானமாகப் பேசினால் ஒரே சொல்லுக்கு 20 நிமிடம் போகும், அது வீணல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் மக்ஹியூவைத் திறக்க வேண்டும். கடைசி அரை மணியில், ஒரே ஒருவர் கையில். மற்றவர்கள் அதுவரை கைபேசியை எடுக்கக் கூடாது. குறிப்பு நூலை ஆரம்பத்திலேயே திறந்தால் நடப்பது இது: ஒரு சொல்லைப் படித்ததும் ஒருவர் “இது டேனிஷ், இது பைபிள், இது ஐரிஷ் பாட்டு” என்று வாசிக்கிறார், மற்ற ஐந்து பேரும் பக்க ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்கள், யாரும் எதையும் கேட்கவில்லை. ஐந்து பேருக்குக் கடைசியில் கிடைப்பது வெறும் அருஞ்சொற்பொருள் பட்டியல். மக்ஹியூ ஒரு சொல்லில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று சொல்வாரே தவிர, வாக்கியம் என்ன செய்கிறது என்று சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் அல்ல. நீங்கள் ஏற்கனவே வினையைக் கண்டுபிடித்து, நான்கைந்து ஒலிகளைக் கேட்டு, இரண்டு இடத்தில் சண்டை போட்ட பிறகு அதே குறிப்பு வந்தால், ஒவ்வொரு வரியும் ஒரு வழக்கின் தீர்ப்பைப் போல விழும். சில இடத்தில் குழு கேட்டது அவரிடம் இருக்காது. அதைத் தப்பு என்று தூக்கிப் போடாதீர்கள். ஃப்வீட்டில் தேடுங்கள், இல்லையென்றால் ‘கேட்டது’ பத்தியிலேயே கிடக்கட்டும். கடைசி ஐந்து நிமிடம் முழுப் பக்கத்தையும் மறுபடி ஒருவர் உரக்க வாசித்து முடியுங்கள். அன்றைய வேலையின் பலன் அந்த வாசிப்பின் ஏற்ற இறக்கத்தில் தெரியும்.

பேச்சு எந்த மொழியில்? வாசிப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். ஆங்கிலத்தில் பேசினால் அந்த முறுக்கிய சொல்லையே திரும்பச் சொல்லித் தப்பித்துவிடலாம். தமிழில் சொல்லும்போது எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆனால் பக்கத்தை மொழிபெயர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். ஆசை நிச்சயம் வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று மாதம் போய்விடும், அது வேறு வேலை.

நமக்கென்று சில இடங்கள் காத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதி 593ஆம் பக்கத்தில் ‘சந்த்யாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை உரக்கக் கூவித்தான் விடிகிறது. 8 முதல் 10 வரை வரும் அருங்காட்சியகக் காட்சியில் வெலிங்டன் பிரபு அலைக்கழிக்கப்படுகிறார். முடிவில் அவர் குதிரையின் வாலில் தொங்கும் பாதித் தொப்பியைப் பறக்கவிடுவது ஓர் இந்தியச் சிப்பாய் உருவம். அதே வெலிங்டன், வெல்லெஸ்லி என்ற பெயரில் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான போரில் இருந்தவர். அவருக்கு எழுப்பிய தூண் ஃபீனிக்ஸ் பூங்காவில் நிற்கிறது. ஐரோப்பிய வாசகர்கள் வாட்டர்லூவை மட்டும் பார்த்துவிட்டு அவசரமாகத் தாண்டும் அந்தப் பக்கங்களை நீங்கள் நின்று படிக்கலாம்.

பதிவு வைப்பதில் சோம்பல் கூடாது. பக்கமும் வரியும், சொல், யாருக்கு என்ன கேட்டது, மக்ஹியூ சொல்வது, தீராத கேள்வி: ஐந்து பத்திகள் கொண்ட ஒரு விரிதாள் போதும். பதிவாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். வாசிப்பவரும் நேரம் பார்ப்பவரும் வாரம் மாறலாம். ஆறு மாதம் கழித்து வரும் புதியவர் இதைப் புரட்டினால் உட்கார்ந்த அன்றே பேச ஆரம்பித்துவிடுவார். எச்.சி.இ., ஏ.எல்.பி. என்ற முதலெழுத்துகள் ஒளிந்திருக்கும் தொடர்கள், நாவலில் திரும்பத் திரும்ப வரும் 1132 என்ற எண், நான்கு கிழவர்கள், இடிச்சொல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள் வையுங்கள். இரண்டாம் ஆண்டில் குழுவின் உண்மையான சொத்து இவைதான். ‘இது முன்னால் எங்கோ வந்ததே’ என்று ஒருவர் சொல்லும்போது எடுத்துக் காட்ட முடியும்.

ஆள் எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. நான்கிலிருந்து பத்து வரை நல்லது. மூன்று பேர் வந்தாலும் கூட்டம் நடக்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். “எல்லோரும் வர முடியவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று இரண்டு முறை ஆனால் குழு போய்விட்டது என்று அர்த்தம். பெரிய ஆபத்து, நிறையத் தெரிந்த ஒருவர். லத்தீன் தெரியும், ஐரிஷ் வரலாறு தெரியும், விமர்சன நூல்கள் படித்தவர். அவர் பேசப் பேச மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். அவரிடம் மக்ஹியூவை ஒப்படைத்து, கடைசி அரை மணியில்தான் அவர் முறை என்று வைத்துவிட்டால் அவருக்கும் மரியாதை, மற்றவர்களுக்கும் இடம்.

வரிசையாகப் படிக்க முடிவெடுத்தால் குழு தொய்வது எங்கே என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: 309 முதல் 382 வரை, மதுக்கடை அத்தியாயம். 74 பக்கம், மூன்றாம் பகுதியின் மூன்றாவது அத்தியாயத்துக்கு அடுத்து நாவலிலேயே நீளமானது இதுதான். வானொலி, நார்வேக் கப்பல் தலைவனும் தையல்காரனும், ரஷ்யத் தளபதியைச் சுட்ட பக்லி, குடிகாரர்களின் கூச்சல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. வாரம் ஒரு பக்கம் போனால் ஒன்றரை ஆண்டு இதிலேயே கழியும். இங்கே மட்டும் முறையை மாற்றுங்கள்: மூன்று வாரம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தால், நான்காவது வாரம் எந்த விளக்கமும் இல்லாமல் அடுத்த பத்துப் பக்கத்தைச் சும்மா உரக்க வாசித்துக் கேளுங்கள். நாக்சாஸ் நிறுவனத்துக்காக பேரி மக்கவர்னும் மார்செல்லா ரியோர்டனும் 2021இல் முழு நாவலையும் வாசித்திருக்கிறார்கள்; ஏறக்குறைய 29 மணி நேரம். அன்று அதைப் போட்டுவிட்டுப் புத்தகத்தில் கண்ணை ஓட்டினாலும் சரி. முன்னால் என்ன வருகிறது என்று காது பழகியிருந்தால் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படிக்கும்போது அவ்வளவு மூச்சுத் திணறாது.

முதல் கூட்டத்துக்கு 196ஆம் பக்கம் ஒன்று மட்டும் போதும். ஆளுக்கொரு நகல், பென்சில், சுவரில் வரைபடம். பக்கத்தின் முதல் மூன்று வரிகள் நடுவில் முக்கோணமாக அச்சாகியிருக்கும். ஏன் அப்படி என்று யாராவது கேட்கும் வரை நீங்களாகச் சொல்லாதீர்கள்.